எஸ். சந்திரசேகர் என்றால் எந்த எஸ். சந்திரசேகர்?

#1 புத்தகப்புழு

ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பழைய புத்தகம். விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றி எஸ். சந்திரசேகர் 1939-இல் எழுதியது, பிறகு டோவர் மலிவுப் பதிப்பாகவும் வந்தது. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ‘திரவப் படிகங்கள்’ (திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம் போல ஒழுங்காக நிற்கும் பொருள்கள்) பற்றிய புத்தகம். முதுகில் எஸ். சந்திரசேகர் என்று சரியாகத்தான் இருக்கிறது.

விற்றவருக்குப் போன் போட்டேன். “சார், பேரைப் பாருங்க, அதே ஆளுதான். நோபல் பரிசு வாங்கினவர். அவர் எல்லாத்தையும் பத்தி எழுதுவார்” என்கிறார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. நம் வானியல் சந்திரசேகர் பத்து வருஷத்துக்கு ஒரு துறை மாறியவர்தான். விண்மீன், பாய்ம இயக்கம், கருந்துளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடிப் புத்தகம் போட்டுவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவார். அதனால் திரவப் படிகத்தையும் ஒரு கை பார்த்திருப்பாரோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

இல்லை. இவர் வேறு ஆள். சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930-இல் பிறந்தவர், பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். நான் தேடிய விண்மீன்காரர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910-இல் பிறந்தவர். இரண்டு பேருமே இயற்பியல், இரண்டு பேருமே லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள், இரண்டு பேருக்கும் அதே இனிஷியல்.

இப்போது தூக்கம் போய்விட்டது. இந்தப் பெயரில் இன்னும் எத்தனை பேர்? ஒரே நிபந்தனை: அவரவர் துறையில் பெயர் எடுத்தவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு சந்துரு வேண்டாம்.

#2 கூக்ளி

பழுப்பேறிய புத்தகத்தைத் தேடுகிறவர்களுக்கு கிரிக்கெட் பி. எஸ். சந்திரசேகரை மறந்துவிடும், தெரிந்ததுதான். 🙂

மைசூரில் பிறந்தவர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கை மெலிந்துவிட்டது. பீல்டிங்கில் பந்தை எறிவது இடது கையால். ஆனால் பந்து வீசுவது அந்த மெலிந்த வலது கையால்தான். ஓட்டம் ஒரு மித வேகப் பந்துவீச்சாளர் போல நீளமாக இருக்கும், கை சாட்டை மாதிரி சுற்றும். வருவது லெக் பிரேக்கா, கூக்ளியா, நேராகப் பாயும் வேகப் பந்தா என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது. விக்கெட் கீப்பருக்கும் பாதி நேரம் தெரியாது.

1971 ஆகஸ்ட், ஓவல் மைதானம். இரண்டாவது இன்னிங்ஸில் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். இங்கிலாந்து 101-க்குச் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான். அன்று விநாயகர் சதுர்த்தி என்று மிருகக் காட்சிசாலையிலிருந்து பெல்லா என்ற யானையை மைதானத்துக்கே அழைத்து வந்தார்கள்.

58 டெஸ்ட், 242 விக்கெட். பேட்டில் எடுத்த மொத்த ரன் 167. எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவு! இந்த ஒரு கணக்குக்காகவே அவர் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

#3 மாடவீதி மாமி

புத்தகப்புழு தம்பி, உங்கள் இரண்டு எஸ். சந்திரசேகரும் வேறு வேறு ஆள்தான், ஆனால் அந்நியர்கள் இல்லை. ஒரே தாத்தாவின் பேரன்கள். விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த சந்திரசேகர ஐயர்தான் அந்தத் தாத்தா. அவருடைய மூத்த மகன் சி. சுப்பிரமணிய ஐயர், ரயில்வே கணக்குத் தணிக்கையில் இருந்தவர். இன்னொரு மகன் சி. வி. ராமன், நம் ராமன் விளைவு ராமன். ஒரு மகள் சீதாலட்சுமி.

சுப்பிரமணிய ஐயருக்கு லாகூரில் வேலை. 1910 அக்டோபர் 19-ஆம் தேதி அங்கே முதல் ஆண் குழந்தை. தாத்தாவும் அதே 1910-இல்தான் காலமானார். எங்கள் பக்கம் முதல் பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர்தான், அதில் பேச்சே கிடையாது. அவர்தான் நோபல் சந்திரசேகர். சீதாலட்சுமியின் பிள்ளை திரவப் படிக சந்திரசேகர். ஒருவர் மகன் வயிற்றுப் பேரன், மற்றவர் மகள் வயிற்றுப் பேரன். அதாவது அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை.

இனிஷியல் ஒன்றாக வந்ததுதான் தற்செயல். ஒருவருக்கு சுப்பிரமணியன், மற்றவருக்கு சிவராமகிருஷ்ணன். அப்பாக்கள் இரண்டு பேரும் ‘எஸ்’ ஆகப் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சி. வி. ராமனின் ‘சி’ என்ன? சந்திரசேகர. அவருடைய அப்பா பெயர். ஆக உங்கள் பட்டியலில் அவரும் பாதி ஆள். அந்த சீதாலட்சுமி வீட்டில் ராமசேஷன், பஞ்சரத்னம் என்று இன்னும் இரண்டு பிள்ளைகள், அவர்களும் பெயர் பெற்ற இயற்பியலாளர்கள். அந்த அம்மாள் என்ன சமைத்துப் போட்டாரோ!

#4 புத்தகப்புழு

மாமி, இது எனக்குத் தெரியாது. இருபது வயது வித்தியாசத்தில் ஒரே தாத்தாவின் பெயர் இரண்டு முறை. பார்சலைத் திருப்பி அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன், இப்போது மனசு வரவில்லை. நேற்று இரவு முப்பது பக்கம் படித்துவிட்டேன். பெரும்பகுதி புரியவில்லை என்பது தனி விஷயம்.

புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அதுவரை திரவப் படிகம் என்றாலே குச்சி குச்சியான மூலக்கூறுகள்தான். 1977-இல் இவரும் இவருடைய சக ஆய்வாளர்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் அது நடக்கும் என்று காட்டினார்கள். நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தூண் செய்வோமே, அப்படி அவை அடுக்கிக்கொண்டு நிற்கும்.

#5 டீக்கடை பெஞ்ச்

அரசியல் பக்கம் யாருமே வரவில்லையே.

முன்னாள் பிரதமர் சந்திர சேகர். 1983-இல் கன்னியாகுமரியில் கிளம்பி டெல்லி ராஜ்காட் வரை நடந்தே போனவர். ஏறக்குறைய ஆறு மாதம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1990 நவம்பரில் பிரதமர், 1991 ஜூனில் முன்னாள் பிரதமர். இடையில் 1991 ஜனவரியில் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்ததும் அவர் அரசுதான். அதனால் எங்கள் பெஞ்சில் அவர் பெயரை எடுத்தால் இன்றைக்கும் டீ ஆறும் வரை சண்டை நடக்கும்.

அப்புறம் சந்திரசேகர் ஆசாத். 1931 பிப்ரவரி 27, அலகாபாத் ஆல்பிரட் பூங்கா. போலீஸ் சுற்றி வளைத்தும் உயிரோடு பிடிபடவில்லை.

சினிமாவுக்கு வாகை சந்திரசேகர் (2016-இல் வேளச்சேரி எம்.எல்.ஏ.வும் ஆனார்), விஜய்யின் அப்பா எஸ். ஏ. சந்திரசேகர். தொழிலுக்கு டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரன், நாமக்கல் மோகனூர்க்காரர். 1987-இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து முப்பதே வருஷத்தில் மொத்தக் குழுமத்துக்கும் தலைவர்.

#6 ஆய்வக எலி

இயற்பியலில் இன்னொரு சந்திரசேகர் ஒளிந்திருக்கிறார், அதுவும் கூக்ளியின் ஆள் பெயரில்.

‘சந்திரசேகர் எல்லை’ என்றால் எல்லோருக்கும் தெரிந்தது நோபல்காரருடையது. எரிந்து முடிந்த ஒரு விண்மீன் வெள்ளைக் குள்ளனாக அடங்க வேண்டும் என்றால் அதன் நிறை சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தன் எடையையே தாங்க முடியாமல் மேலும் சுருங்கும். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், அவர் போட ஆரம்பித்த கணக்கு இது. 1935 ஜனவரியில் பிரபல வானியலாளர் எடிங்டன் சபை நடுவே இதைக் கேலி செய்தது, 1983-இல் நோபல் வந்தது எல்லாம் பலமுறை எழுதப்பட்ட கதை, விடுகிறேன்.

நான் எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு கருத்தரங்கு. பேச வந்தவர் மீக்கடத்திகளை (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களை) பற்றிப் பேசிக்கொண்டே “இங்கே சந்திரசேகர் எல்லையைத் தாண்டிவிட்டோம்” என்றார். நான் பக்கத்தில் இருந்தவனிடம் ரொம்பத் தெரிந்தவன் போல “வெள்ளைக் குள்ளன் மேட்டர்டா” என்றேன். அவன் தலையாட்டினான். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அங்கே விண்மீனே கிடையாது. ஒரு மீக்கடத்தி எவ்வளவு காந்தப்புலம் வரை தாங்கும், எங்கே எலக்ட்ரான் ஜோடிகளின் சுழற்சி பிரிந்து மீக்கடத்தல் போய்விடும் என்பதற்கான எல்லை அது. 1962-இல் கிளாக்ஸ்டன் என்பவரும் பி. எஸ். சந்திரசேகர் என்பவரும் தனித்தனியாகச் சொன்னது. அதனால் கிளாக்ஸ்டன்-சந்திரசேகர் எல்லை.

ஆக, எஸ். சந்திரசேகர் எல்லை ஒன்று, பி. எஸ். சந்திரசேகர் எல்லை ஒன்று. அந்த பி. எஸ். பந்து வீசியவர் இல்லை.

#7 கூக்ளி

எங்கள் ஆளுக்கும் ஒரு எல்லை உண்டு: பவுண்டரி. பேட்டை வைத்துக்கொண்டு அதை அவர் பார்த்தது குறைவு.

#8 ஹட்டன் ரயில்

இலங்கை மலையகத்திலிருந்து ஒரு பெயர். பெரியசாமி சந்திரசேகரன், 1957–2010. மலையக மக்கள் முன்னணியை உருவாக்கியவர், தலவாக்கலைப் பக்கத்து மனுசன். 1994 தேர்தல் முடிவில் எந்தப் பக்கத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 225 பேர் சபையில் ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்ட நேரம். நுவரெலியாவில் வென்று வந்த இவருடைய ஒற்றை ஆசனம் சந்திரிகா குமாரதுங்க பக்கம் சேர்ந்ததும்தான் அந்த ஆட்சி நின்றது. சந்திரிகாவைக் காப்பாற்றிய சந்திரசேகரன் என்று எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போதைய மீன்பிடித்துறை அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#9 இலக்கணப் பிள்ளை

கொஞ்சம் நில்லுங்கள். சந்திரசேகர், சந்திரசேகரன், சந்திர சேகர், இதோ இலங்கையிலிருந்து வந்தால் சந்திரசேகரம்பிள்ளை. எல்லாமே ஒரே பெயரா? முதல் பதிவில் ‘இந்தப் பெயரில்’ என்று சொல்லிவிட்டு ‘ன்’ போட்டவர்களை எல்லாம் உள்ளே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியானால் ராமன், ராமர், ராமு, ராமையா எல்லாம் ஒன்றா?

#10 மாடவீதி மாமி

ஒன்றுதான் என்று நான் சொல்வேன். சேகரம் என்றால் தலையில் சூடுவது. சந்திரனைத் தலையில் சூடியவன் சந்திரசேகரன், சிவபெருமான். (நிலாவைச் சேகரித்தவன் என்று என் பேரன் அர்த்தம் சொன்னான், அதையும் ரசித்தேன்.) வடக்கே கடைசியில் ஒன்றும் ஒட்டாது, நம் பக்கம் ‘ன்’ ஒட்டும், யாழ்ப்பாணத்தில் ‘ம்’ ஒட்டும். நோபல்காரரின் அப்பா சுப்பிரமணியன், ‘ன்’ உண்டு. மகன் சந்திரசேகர், ‘ன்’ இல்லை. ஒரே வீட்டிலேயே அப்படி! தமிழில் சொல்ல வேண்டும் என்றால் பிறைசூடன், மதிசூடி. சம்பந்தரின் முதல் பதிகத்து முதல் அடியிலேயே மதிசூடி வந்துவிடுகிறார். அப்படிப் பார்த்தால் கவிஞர் பிறைசூடனைக்கூட நான் இந்தப் பந்தியில் உட்கார வைத்துவிடுவேன்.

#11 இலக்கணப் பிள்ளை

பிறைசூடனை உள்ளே விட்டால் நான் இழையை விட்டு வெளியே போகிறேன் அம்மா. ‘ன்’ வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி. ஆசாத்தின் சொந்தப் பெயர் சந்திரசேகர் திவாரி. சிறுவனாக நீதிமன்றத்தில் நிறுத்தி “பெயர் என்ன” என்று கேட்டபோது “ஆசாத்” என்றார். அதாவது விடுதலை பெற்றவன். அவர் தானாகச் சூட்டிக்கொண்டது இரண்டாவது பாதியை. நாம் பட்டியலில் போடுவது அவர் அப்பா வைத்த முதல் பாதியை. காஞ்சி மகாபெரியவர் விஷயத்தில் தலைகீழ். 1894-இல் விழுப்புரத்தில் பிறந்தபோது வைத்த பெயர் சுவாமிநாதன். 1907-இல் துறவறம் ஏற்றபோதுதான் சந்திரசேகரேந்திர சரஸ்வதி. அங்கே பூஜையில் இருப்பவர் சந்திரமௌலீஸ்வரர், அந்த வரிசையில் முன்பும் அதே பெயரில் பீடாதிபதிகள் உண்டு. பெற்றோர் வைத்த பெயர், மடம் வைத்த பெயர் இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது?

#12 டீக்கடை பெஞ்ச்

தம்பி, ரேஷன் கார்டுக்கே இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள்.

#13 தம்பூரா

இசை, நடனம் பக்கம் இரண்டு பேர். வயலின் எம். சந்திரசேகரன். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. சொல்லிக் கொடுத்தது அம்மா சாருபாலா மோகன். 2005-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி. கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரின் மூச்சைக் கேட்டே அடுத்து எங்கே போகப் போகிறார் என்று தெரிந்துகொண்டவர் போல வில் தயாராக இருக்கும். முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இன்னொருவர் பரதநாட்டியம் சி. வி. சந்திரசேகர். கலாக்ஷேத்ரா மாணவர், பரோடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 2011-இல் பத்மபூஷண், 2024-இல் மறைந்தார். ஆண்கள் பரதம் ஆடுவதைப் புருவம் உயர்த்திப் பார்த்த காலத்தில் ஆட வந்தவர். எழுபது வயதுக்கு மேலும் அந்த அரைமண்டி (முழங்காலை மடக்கி அரையாக அமரும் நிலை) தளரவில்லை, நான் பார்த்தேன். ராமனின் ‘சி. வி.’யும் இவருடைய ‘சி. வி.’யும் வேறு வேறு, மாமி அவசரப்பட வேண்டாம்.

#14 நெட் பிராக்டிஸ்

டேபிள் டென்னிஸ் வி. சந்திரசேகரை யாரும் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. சென்னைக்காரர், மூன்று முறை தேசிய சாம்பியன், 1982-இல் அர்ஜுனா விருது. 1984-இல் முழங்காலில் ஒரு அறுவை சிகிச்சை, அதில் ஏற்பட்ட பாதிப்பில் ஆட்டமே முடிந்துபோனது. பேச்சு, பார்வை, நடை எல்லாவற்றிலும் அடி. நீண்ட காலம் வழக்கு நடத்தி நஷ்ட ஈடு வாங்கினார். அதற்கப்புறம் மேசைப் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2021-இல் கொரோனாவில் போய்விட்டார்.

கிரிக்கெட்டிலேயே இன்னொருவர், வி. பி. சந்திரசேகர். 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம். இருபது ஓவர் ஆட்டம் என்ற பேச்சே இல்லாத காலம்.

#15 கூக்ளி

வி. பி.யை நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பு. பி. எஸ். மேல் உள்ள மயக்கம்.

#16 நூலக அலமாரி

நான் நூலகத்தில் அட்டவணை போடுகிறவள். உங்கள் சண்டை எங்களுக்கு அன்றாடப் பிழைப்பு, அதனால் ஒரு வார்த்தை.

ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர் வந்தால் நாங்கள் முதலில் இனிஷியலை விரிப்போம். அதுவும் போதவில்லை என்றால் பிறந்த, இறந்த ஆண்டைச் சேர்ப்போம். எங்கள் பக்கத்தில் ‘சந்திரசேகர், எஸ்.’ என்று தேடினால் ஒருவர் 1910–1995. ஒருவர் 1930–2004. இந்த இரண்டு பேரோடு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். இன்னும் ஒருவர் உண்டு, 1918–2001.

அவர் ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர். ராஜமுந்திரியில் பிறந்தார், சென்னையில் படித்தார், அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கினார். 1967-இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு அவரிடம்தான் இருந்தது. பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவரும் புத்தக முதுகில் ‘எஸ். சந்திரசேகர்’ என்றுதான் இருப்பார், எழுதியதும் ஏராளம்.

மேல்நாட்டு முறையில் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இருப்பதால் பிரிப்பது சுலபம். நம்மவர்களுக்கு முன்னால் நிற்பது அப்பா பெயரின் ஒரே எழுத்து. தமிழ்நாட்டு அப்பாக்களில் சுப்பிரமணியன், சுந்தரம், சீனிவாசன், சிவராமன், சண்முகம், சாமிநாதன் எல்லோரும் அந்த ஒரே ‘எஸ்’ஸுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ் எழுத்தில் இனிஷியல் போட்டால் சு., சி., சீ., ச., சா. என்று பாதிப் பேர் பிரிந்துவிடுவார்கள். அதனால் நான் தமிழ் நூல்களுக்கு முடிந்தவரை தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

#17 பக்கத்து வீட்டு சந்துரு

வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் வந்துவிட்டேன். என் பெயர் எஸ். சந்திரசேகர். உண்மையாகவே.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். மெயில் அனுப்புகிறவர்கள் பெயரில் முதலில் தட்டுப்படுவதைத் தேர்ந்தெடுப்பதால் எனக்கு மாதா மாதம் இன்னொருவரின் பயணப்படிக் கணக்கு வரும். அவர் திண்டுக்கல்லில் எங்கே தங்கினார், எத்தனை காபி குடித்தார் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வங்கிக் கிளையில் என் அப்பா பெயரும் அவர் அப்பா பெயரும் ‘எஸ்’ என்பதால் காசோலைப் புத்தகம் மாறி, இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்ததில் குடும்ப நண்பர்களே ஆகிவிட்டோம்.

ஒன்று கவனித்தீர்களா? வீட்டில் நாங்கள் எல்லோரும் சந்துரு, இல்லாவிட்டால் சேகர். ஆனால் அமெரிக்காவில் அந்த விஞ்ஞானியைக் கூப்பிட்டது சந்திரா. கிரிக்கெட் உலகில் பி. எஸ்.ஸும் சந்திரா. டாடா குழுமத்தில் என். சந்திரசேகரனும் சந்திரா. 1999-இல் விண்வெளிக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கும் சந்திரா என்றே பெயர். எங்கள் ஊரில் சந்திரா என்றால் என் சின்ன அத்தை. தொலைநோக்கி செய்தி டிவியில் வந்தபோது பாட்டி அவளைக் கூப்பிட்டு, “ஏண்டி, உன் பேரை மேலே விட்டிருக்கான் பாரு” என்றாள்.

#18 மாடவீதி மாமி

சந்துரு, உனக்கும் தாத்தா பெயரா?

#19 பக்கத்து வீட்டு சந்துரு

இல்லை மாமி. அப்பா 1971 ரேடியோ வர்ணனை கேட்டவர். கூக்ளி அண்ணன் சந்தோஷப்படட்டும்.

#20 கூக்ளி

🙏🙏🙏

#21 புத்தகப்புழு

கடைசித் தகவல். விற்றவர் நேற்று தானே போன் செய்து, “சார், நீங்க சொன்னது சரிதான், வேற ஆள். நம்ம கிட்ட அந்த இன்னொரு எஸ். சந்திரசேகர் புத்தகமும் இருக்கு, காசு வேண்டாம், அனுப்பறேன்” என்றார். இன்று காலை பார்சல் வந்தது. அட்டையைப் பார்த்ததும் நூலக அலமாரி அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். இந்தியாவின் மக்கள்தொகைப் பிரச்சினை.

விண்மீன் புத்தகம் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பதிலுக்கு எஸ். சந்திரசேகர் புத்தகம் இரண்டு தருகிறேன். வேண்டாம், திரவப் படிகத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.